விடைபெறப் போனவர்களின் முதல் ஆல்பம்

போன வாரம் ஒரு பழைய நண்பர் போன் பண்ணியிருந்தார். ஊர்க்கதையெல்லாம் பேசி முடித்து வைக்கப்போகிற நேரத்தில், "ஏம்ப்பா, பேஸ் வாசிக்கிறவன் சொந்தமா பாண்ட் ஆரம்பிச்சுப் போட்ட முதல் ஆல்பம்னு பார்த்தா, உனக்கு எது உசத்தி?" என்று கேட்டார். யோசிக்கவே இல்லை. "மோட்டர்ஹெட்" என்றேன். "ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸா?" என்றார். "இல்லப்பா, அது 1980. நான் சொல்றது முதல் ஆல்பம், 1977. பாண்ட் பேருதான் ஆல்பத்துக்கும் பேரு." அவர் அதைக் கேட்டதே இல்லை என்றார். அரைமணி நேரம் சொல்லியும் எனக்கு அடங்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

நானும் பன்னிரண்டு வருடம் மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்தவன். கல்யாணம், கோயில் திருவிழா, காலேஜ் விழா என்று எல்லா மேடையும் ஏறியாயிற்று. ராஜா பாட்டுகளை வாசித்து வாசித்துத்தான் பேஸ் என்றால் என்னவென்று கற்றுக்கொண்டேன். எனக்குச் சொல்லிக்கொடுத்த அண்ணன் முதல் நாளே மூன்று விஷயம் சொன்னார். ட்ரம்ஸின் கிக்கைக் கேட்டு வாசி, பாடகருக்கு முன்னால் போகாதே, உன் சத்தம் காதில் விழக்கூடாது, வயிற்றில் விழ வேண்டும். இன்றைக்கும் அந்த மூன்றையும் நான் மறுக்கமாட்டேன். ராஜாவின் பேஸ் பாட்டுக்கு அடியில் தனியாக ஒரு மெட்டுப் போட்டுக்கொண்டு நடக்கும், ஆனால் பாட்டை ஒருநாளும் இடிக்காது. அந்த அழகில் ஊறியவன் நான்.

அப்படிப்பட்ட எனக்கு ஒருவர் ஹெட்போனை மாட்டிவிட்டு இந்த ஆல்பத்தின் முதல் பாட்டைப் போட்டார். முதல் சில நொடிகள் ஒரே ஒரு வாத்தியம்தான். ரம்பம் மரத்தில் ஏறுவதுபோல ஒரு கரகரப்பு, ஒரே சுரத்தில் விடாமல் அடித்துக்கொண்டே வருகிறது. பிறகு ட்ரம்ஸ் வந்து விழுகிறது, கிட்டார் வந்து விழுகிறது. "கிட்டார்காரன் கெட்டிக்காரன்தான், ஆரம்பமே நல்லா இருக்கு" என்றேன். "முதல்ல வந்தது கிட்டார் இல்ல, பேஸ்" என்றார் அவர். நம்பவில்லை. திரும்பப் போடச் சொன்னேன். மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டபோதுதான் கம்பியின் தடிமன் காதில் தட்டுப்பட்டது. பேஸ்தான். என் கையில் பன்னிரண்டு வருடம் இருந்த அதே நாலு கம்பி.

சரி, கதைக்கு வருவோம்.

அந்தக் கம்பிகளை அடித்தவர் லெம்மி. முழுப்பெயர் இயன் ஃப்ரேஸர் கில்மிஸ்டர். 1945 டிசம்பர் 24 அன்று இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் பக்கத்தில் பிறந்தார், வளர்ந்தது வட வேல்ஸில். பதினாறு வயதில் லிவர்பூலின் கேவர்ன் கிளப்பில் பீட்டில்ஸைப் பார்த்து கிட்டார் பைத்தியம் பிடித்தது. கவனியுங்கள், கிட்டார். பேஸ் இல்லை. ராக்கிங் விக்கர்ஸ் என்ற குழுவில் கிட்டார் வாசித்தார். லண்டன் வந்து ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் குழுவுக்கு ரோடியாக வேலை பார்த்தார், அதாவது ஆம்ப் தூக்குவது, கம்பி மாற்றுவது, கூடவே அலைவது. பிறகு மலேசியாவில் பிறந்த தபலாக் கலைஞர் சாம் கோபாலின் குழுவில் கிட்டார் வாசித்துப் பாடினார். 1969-இல் வந்த அவர்களுடைய 'எஸ்கலேட்டர்' ஆல்பத்தில் ட்ரம்ஸ் இருக்கவேண்டிய இடத்தில் தபலா கேட்கும், அதன் மேல் இளவயது லெம்மியின் குரல் கேட்கும். பின்னால் வந்த கரகரப்பு அதில் இன்னும் ஏறவில்லை. கிடைத்தால் கேட்டுப் பாருங்கள்.

பேஸ் அவர் கைக்கு வந்தது தற்செயல். 1971-இல் ஹாக்விண்ட் குழுவில் கிட்டார் இடம் கிடைக்கும் என்று நம்பிப் போனார். அந்த நாள் பேஸ்காரர் வரவில்லை, அவருடைய பேஸ் மட்டும் வண்டியில் கிடந்தது. "யாருக்கு பேஸ் வாசிக்கத் தெரியும்?" என்ற கேள்வி வர, லெம்மியைக் கைகாட்டிவிட்டார்கள். அதற்கு முன் அவர் அந்த வாத்தியத்தைத் தொட்டதில்லை. மேடையில் ஏறி, தனக்குத் தெரிந்த ஒரே வழியில் வாசித்தார். ரிதம் கிட்டார் வாசிப்பதுபோல, பிக் வைத்து, இரண்டு மூன்று கம்பிகளைச் சேர்த்து அடித்து.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்கவேண்டும். ஏனென்றால் இந்த ஆல்பத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

பேஸில் கார்டு வாசிக்காதே என்பது எல்லா வாத்தியாரும் சொல்வது. காரணம் இல்லாமல் இல்லை. பேஸின் தடித்த கம்பி நொடிக்கு ஏறக்குறைய 41 தடவை அதிர்கிறது, கிட்டாரின் தடித்த கம்பியோ 82. அவ்வளவு கீழே இரண்டு சுரத்தைச் சேர்த்து அடித்தால் ஒன்றோடொன்று மோதிக் குழம்பிவிடும், சேற்றில் கால் வைத்தமாதிரி இருக்கும். லெம்மி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். மார்ஷல் ஆம்பில் பேஸ் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டார். நடுச் சத்தத்துக்கான குமிழை முழுதாக ஏற்றினார். வால்யூமை வால்வுகள் கதறும்வரை வைத்தார். இப்போது அடிச்சுரத்தின் கனம் போய்விட்டது. அதற்கு மேலே இருக்கும் கிளைச்சுரங்கள் முன்னால் வந்தன. கையில் ரிக்கன்பேக்கர், இயல்பிலேயே கணீரென்று பேசும் பேஸ் அது. மூன்றும் சேர்ந்தபோது வந்ததுதான் நான் ஹெட்போனில் கிட்டார் என்று நினைத்த சத்தம்.

நான் இதை வீட்டில் செய்து பார்த்தேன். என் சின்ன ஆம்பில் பேஸ் குமிழை முழுக்க இறக்கி, நடுக் குமிழை முழுக்க ஏற்றி, தடித்த கம்பியையும் அதற்கடுத்த கம்பியையும் சேர்த்து அழுத்தி பிக்கால் அடித்தேன். முதலில் தகரத்தைத் தட்டியமாதிரி இருந்தது. வால்யூமைக் கூட்டக் கூட்ட அந்தத் தகரம் உறும ஆரம்பித்தது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. விரல் நுனி எரிந்தது. பன்னிரண்டு வருடம் வயிற்றில் விழவேண்டும் என்று வாசித்தவனுக்கு, சத்தம் நேராக முகத்தில் வந்து அடிப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஹாக்விண்டில் லெம்மி நாலு வருடம் இருந்தார். 'சில்வர் மெஷின்' பாட்டைப் பதிவுபண்ணியபோது பலரைப் பாடவைத்துப் பார்த்து, கடைசியில் லெம்மியின் குரல்தான் பொருந்தியது. 1972-இல் அது பிரிட்டனில் மூன்றாம் இடம்வரை போனது. அந்தக் குழுவுக்கு அவ்வளவு பெரிய வெற்றி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பேஸ்காரர் பாடிய பாட்டு.

1975 மே மாதம். வட அமெரிக்கச் சுற்றுப்பயணம். டெட்ராய்ட்டிலிருந்து கனடாவுக்குள் நுழையும்போது எல்லையில் லெம்மியைப் பிடித்தார்கள். கையில் இருந்த பொடி கொக்கெய்ன் என்று வழக்கு. சோதித்துப் பார்த்தால் அது ஆம்ஃபெட்டமின், போட்ட பிரிவு பொருந்தவில்லை, வெளியே வந்துவிட்டார். டொராண்டோ கச்சேரியில் வாசித்தார். அன்றைக்கே அவரைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். அவருக்கு 29 வயது. லெம்மி வாழ்நாள் முழுக்க இந்த வருத்தத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார். குழுவில் எல்லோரும் ஏதோ ஒரு போதையில் இருந்தவர்கள்தான், தன்னுடைய போதை அவர்களுக்குப் பிடிக்காத வகை, அவ்வளவுதான் வித்தியாசம் என்பது அவர் கட்சி. போதையை நான் இங்கே தூக்கிப்பிடிக்க வரவில்லை. அந்தக் கூட்டத்தில் எத்தனையோ பேரை அது தின்றிருக்கிறது. ஆனால் நாலு வருடம் கூடவே வாசித்தவனை அந்நிய ஊரில் விட்டுவிட்டு வண்டியேறுவது சின்ன விஷயம் இல்லை. மேடை ஏறியவர்களுக்கு அது புரியும்.

நீக்கப்படுவதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் ஹாக்விண்டுக்காக எழுதிய கடைசிப் பாட்டின் பெயர் 'மோட்டர்ஹெட்'. லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு ஹோட்டல் பால்கனியில், நடுராத்திரியில், இசைக்கலைஞர் ராய் வுட்டிடம் கடன் வாங்கிய கிட்டாரில் எழுதியது. 'ஸ்பீட்' என்று சொல்லப்படும் ஆம்ஃபெட்டமினைப் போடுகிறவர்களுக்கு அமெரிக்கக் கொச்சையில் அந்தப் பெயர். அந்தப் பாட்டில் 'பேரலலோகிராம்' என்ற சொல் வருகிறது. நாம் எட்டாம் வகுப்பில் படித்த இணைகரம்! ராத்திரி தூக்கம் வராமல் எழுதிய ராக் பாட்டில் ஜியாமெட்ரி வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனுஷன்மேல் அன்பு கூடும். சொல்லின்மேல் அவ்வளவு ஆசை இருந்தவர்.

ஊர் திரும்பி உடனே புதுக்குழு தொடங்கினார். முதலில் வைத்த பெயர் வீட்டில் சொல்லமுடியாத ஒரு வசவு. "இந்தப் பேரோட டீவி நிகழ்ச்சி எதிலயும் ஏறமுடியாது" என்று மேனேஜர் டக் ஸ்மித் தடுத்தார். தான் ஹாக்விண்டுக்கு எழுதிய கடைசிப் பாட்டின் பெயரையே எடுத்துப் புதுக்குழுவுக்கு வைத்தார் லெம்மி. ஓ எழுத்துக்கு மேலே ஜெர்மன் மொழியில் வருவதுபோல இரண்டு புள்ளி போட்டுக்கொண்டார்கள். உச்சரிப்புக்காக இல்லை, பார்க்க முரட்டுத்தனமாக இருக்கட்டும் என்று.

பிங்க் ஃபேரீஸ் குழுவின் லாரி வாலிஸ் கிட்டார், லூகஸ் ஃபாக்ஸ் ட்ரம்ஸ். 1975 ஜூலை 20 அன்று லண்டன் ரவுண்ட்ஹவுஸில் முதல் கச்சேரி. அந்தக் குளிர்காலத்தில் வேல்ஸில் உள்ள ராக்ஃபீல்ட் ஸ்டுடியோவில் யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸ் கம்பெனிக்காக ஒரு ஆல்பமே பதிவு செய்தார்கள். நடுவிலேயே ட்ரம்மர் மாறிவிட்டார். ஃபில் டெய்லர் என்ற இளைஞர் வந்தார், அவரிடம் கார் இருந்தது, லெம்மியை ஸ்டுடியோவுக்குக் கொண்டுவிட வந்தவர் அப்படியே ட்ரம்ஸில் உட்கார்ந்துவிட்டார். பழைய ட்ரம்ஸை அழித்துவிட்டு ஒரே ஒரு பாட்டைத் தவிர எல்லாவற்றுக்கும் புதிதாக வாசித்தார். கம்பெனி கேட்டுப் பார்த்தது. பிடிக்கவில்லை. டேப்பை அலமாரியில் போட்டுவிட்டது. அந்த ஆல்பம் வெளியே வந்தது 1979-இல், இவர்களுக்குப் பெயர் வந்தபிறகு. 'ஆன் பரோல்' என்ற தலைப்பில் இன்றைக்கும் கிடைக்கிறது.

அடுத்து இரண்டாவது கிட்டார் வேண்டும் என்று தேடியபோது எடி கிளார்க் வந்தார். ஃபில்லும் அவரும் ஒரு படகுவீட்டைப் பழுதுபார்க்கும் வேலையில் பழக்கமானவர்கள். ஒத்திகைக்கு லாரி வாலிஸ் வெகுநேரம் கழித்து வந்து, கொஞ்சம் வாசித்துவிட்டுப் போனார். பிறகு குழுவைவிட்டே போய்விட்டார். சில நாள் கழித்து லெம்மி தன் வீட்டுக் கதவைத் தட்டி, ஒரு தோல் ஜாக்கெட்டையும் தோட்டா கோர்த்த பெல்ட்டையும் கொடுத்து, நீ சேர்ந்துவிட்டாய் என்று சொல்லிவிட்டுப் போனதாக எடி பின்னால் சொல்லியிருக்கிறார். இரண்டாவது கிட்டாராக வந்தவர் ஒரே கிட்டார் ஆனார். மூன்று பேர்.

மூன்று பேர் ஆனதுதான் பெரிய திருப்பம் என்பேன். இரண்டு கிட்டார் இருந்தால் பேஸ் கீழே இறங்கித்தான் ஆகவேண்டும், இடம் இருக்காது. எடி சோலோவுக்குப் போனால் பின்னால் ரிதம் வாசிக்க ஆள் இல்லை, அந்த இடத்தை லெம்மியின் பேஸ் நிரப்பியது. ஹாக்விண்டில் இருந்தபோதே அவர் அப்படித்தான் வாசித்தார். ஆனால் அங்கே கீபோர்டு, சாக்ஸஃபோன், வயலின் என்று கூட்டம். இங்கேதான் அந்த வாசிப்புக்கு வேலை வந்தது.

ஆனால் சோறு வரவில்லை. 1976 முழுக்க பட்டினிக் கச்சேரிகள். ஆளில்லாத வீடுகளில் புகுந்து குடியிருந்தார்கள். ஸ்டிஃப் ரெக்கார்ட்ஸ் ஒரு சிங்கிள் போட முன்வந்தது. பழைய கம்பெனி, ஒப்பந்தம் எங்களோடு என்று அதையும் மறித்தது. ஆல்பம் போடவும் மாட்டேன், வேறு எங்கேயும் போடவிடவும் மாட்டேன். இப்படி நடு ஆற்றில் நிற்கவைப்பதுதான் கலைஞனுக்கு நடக்கும் ஆகப்பெரிய கொடுமை என்று எனக்குத் தோன்றும். வேண்டாம் என்று சொன்னால்கூட வேறு கதவைத் தட்டலாம்.

1977 வசந்தத்தில் ஃபில்லும் எடியும் போதும் என்று முடிவெடுத்தார்கள். லண்டன் சோஹோவில் அப்போது இருந்த மார்க்கீ கிளப்பில் ஏப்ரல் 1 அன்று ஒரு கடைசிக் கச்சேரி, அதோடு கலைந்துவிடலாம் என்று பேச்சு. லெம்மிக்கு ஒரு ஆசை. இரண்டு வருடம் உயிரைக்கொடுத்து வாசித்திருக்கிறோம், கையில் காட்ட ஒன்றுமில்லை, இந்தக் கடைசி ராத்திரியையாவது யாராவது டேப்பில் பிடிக்கட்டுமே. சிஸிக் ரெக்கார்ட்ஸ் நடத்திய டெட் காரலிடம், பதிவு வண்டி ஒன்றைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். லண்டனில் பழைய ராக் அண்ட் ரோல் ரெக்கார்டுகள் விற்கும் கடை வைத்திருந்தவர் டெட் காரல். பெரிய கம்பெனி முதலாளி இல்லை, பாட்டுப் பைத்தியம். வண்டிக்கு அவரால் ஏற்பாடு பண்ணமுடியவில்லை. ஆனால் கச்சேரிக்கு வந்தார். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய் மூன்று பேரையும் பார்த்தார். கெண்ட் பக்கத்தில் எஸ்கேப் ஸ்டுடியோவில் இரண்டு நாள் போட்டுத் தருகிறேன், ஒரு சிங்கிள் பண்ணுங்கள் என்றார்.

ஒரு சிங்கிள் என்றால் இரண்டு பாட்டு. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. இரண்டு நாள் அதற்குத் தாராளம்.

இவர்கள் தூங்கவில்லை. தயாரிப்பாளராக வந்தவர் ஸ்பீடி கீன், தண்டர்கிளாப் நியூமன் குழுவில் இருந்தபோது 'சம்திங் இன் தி ஏர்' எழுதிப் பாடி 1969-இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தவர். மேடையில் எந்தப் பாட்டுகளை வாசித்தார்களோ அதே பாட்டுகளை, மேடையில் வாசித்த வேகத்திலேயே ஒன்றன்பின் ஒன்றாக அடித்துத் தள்ளினார்கள். டெட் காரல் வந்து பார்த்தபோது சிங்கிள் இல்லை, ஒரு ஆல்பத்துக்கான சரக்கே அங்கே இருந்தது. மனுஷன் கணக்குப் பார்க்கவில்லை. மேற்கொண்டு காசு போட்டு ஒலிம்பிக் ஸ்டுடியோவில் குரல்களையும் மிக்ஸையும் முடிக்கவைத்தார். மொத்தம் 13 பாட்டு. எட்டு ஆல்பத்துக்குப் போனது, ஒன்று சிங்கிளின் பின்பக்கம், மிச்சம் நாலும் 1980-இல் தனியாக வந்தன.

இவ்வளவு சீக்கிரம் 13 பாட்டு எப்படி முடிந்தது என்றால், பாதிக்கு மேல் அவர்கள் ஏற்கெனவே இரண்டு வருடம் மேடையில் வாசித்துத் தேய்த்த பாட்டுகள். ஆல்பத்தின் எட்டில் ஐந்து, அலமாரியில் கிடந்த 'ஆன் பரோல்' டேப்பிலும் உண்டு. 'மோட்டர்ஹெட்', 'லாஸ்ட் ஜானி', 'தி வாட்சர்' மூன்றும் ஹாக்விண்ட் காலத்திலிருந்தே கூட வந்தவை. இதனால்தான் இந்த ஆல்பம் எனக்கு இவ்வளவு சுவாரசியம். ஒரே பாட்டு, மூன்று கட்டத்தில் பதிவாகியிருக்கிறது. வரிசையாகக் கேட்டால் ஒரு பேஸ் தன் இடத்தைக் கண்டுபிடிக்கும் கதை தெரியும்.

'மோட்டர்ஹெட்' பாட்டையே எடுங்கள். ஹாக்விண்ட் பதிவில் நடுவே வயலின் சோலோ வரும். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பாட்டு மிதக்கும். 'ஆன் பரோல்' பதிவில் சுத்தமாக, அளவாக, எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். ஸ்டுடியோக்காரர்கள் பக்குவமாகச் செய்திருக்கிறார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் யாருக்கும் அவசரம் இல்லை. 1977 பதிவுக்கு வாருங்கள். பேஸ் தனியாக வருகிறது, அதற்குமேல் எல்லாம் சரிந்து விழுகிறது, மூன்று பேரும் ஒருவரையொருவர் துரத்துகிறார்கள். நாளைக்கு குழு இருக்குமா என்று தெரியாதவர்கள் வாசிப்பது கேட்கிறது. நான் இதை மிகைப்படுத்திச் சொல்வதாக நினைக்காதீர்கள். மூன்றையும் ஒரே உட்காரலில் கேளுங்கள், நீங்களே சொல்வீர்கள்.

'தி வாட்சர்' இன்னும் நல்ல உதாரணம். 1972-இல் ஹாக்விண்ட் ஆல்பத்தின் கடைசிப் பாட்டாக வந்தபோது அது மெதுவான, தனிமையான, முணுமுணுக்கும் பாட்டு. விண்வெளியிலிருந்து யாரோ பூமியைப் பார்த்துப் பேசுவதுபோல. அதே பாட்டு இங்கே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறது. 'அயர்ன் ஹார்ஸ்' இந்த ஆல்பத்தின் கனமான பாட்டு, வேகம் குறைத்து, மோட்டார் சைக்கிள் கூட்டத்துப் பெரியவர் ஒருவரைப் பற்றிப் பாடுகிறார். வேகமான பாட்டுகளைவிட இதில்தான் லெம்மியின் குரலில் உள்ள துக்கம் எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. 'வைட் லைன் ஃபீவர்' இந்த மூன்று பேரும் சேர்ந்து எழுதிய பாட்டு, பின்னாளில் லெம்மி தன் சுயசரிதைக்கும் அந்தத் தலைப்பையே வைத்தார். 'வைப்ரேட்டர்' எனக்குப் பெரிதாகப் பிடிக்காது, தாண்டிவிடுவேன். 'கீப் அஸ் ஆன் தி ரோடு' பாட்டை மட்டும் தாண்டமாட்டேன். ஊர் ஊராக வேனில் போய் விடியற்காலையில் வீடு திரும்பிய எவனுக்கும் அது சொந்தப் பாட்டு.

கடைசிப் பாட்டு இவர்களுடையது இல்லை. 'ட்ரெய்ன் கெப்ட் எ ரோலிங்', 1951-இல் டைனி பிராட்ஷா போட்டது, யார்ட்பேர்ட்ஸும் ஏரோஸ்மித்தும் வாசித்தது. லெம்மி கடைசிவரை தன் இசையை ஹெவி மெட்டல் என்று சொல்ல ஒப்பவில்லை, ராக் அண்ட் ரோல் என்றேதான் சொன்னார். சின்ன வயதில் கேட்ட லிட்டில் ரிச்சர்டின் தொடர்ச்சியாகத்தான் தன்னைப் பார்த்தார். 1951-ஆம் வருடத்துப் பாட்டோடு ஆல்பத்தை முடித்ததில் அந்தப் பிடிவாதம் தெரிகிறது.

குறை இல்லையா? இருக்கிறது. பதிவு கலங்கல். ட்ரம்ஸின் சிம்பல்கள் எல்லாவற்றின்மேலும் மணல் தூவினமாதிரி படிந்திருக்கும். இன்னொன்று, பேஸ்காரனே மேலே ஏறிவிட்டதால் கீழே வெற்றிடம். அடிச்சத்தம் என்று ஒன்று சரியாக இல்லை. நல்ல ஸ்பீக்கரில் கேட்டால் இது இன்னும் தெரியும். 1979-இல் வந்த 'ஓவர்கில்' ஆல்பத்தில் ஃபில் டெய்லர் இரட்டை கிக் ட்ரம் போட்டு அந்தக் குழியை நிரப்பினார், அதன்பிறகுதான் உலகம் அறிந்த மோட்டர்ஹெட் சத்தம் முழுமையானது. அந்தக் கணக்கில் முதல் ஆல்பம் அரைகுறைதான். ஆனாலும் ஒரு சத்தம் பிறக்கிற நேரத்தில் பக்கத்தில் நின்று கேட்கிற உணர்வு 'ஓவர்கில்'லில் கிடைக்காது, இதில் கிடைக்கிறது.

அட்டையைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. ஜோ பெட்டாக்னோ வரைந்தது. லெட் செப்பலினின் ஸ்வான் சாங் கம்பெனிக்குச் சின்னம் வரைந்தவர். கரடி, ஓநாய், நாய் மண்டையோடுகளைக் கலந்து, பன்றியின் கோரைப்பல்லைச் சேர்த்து, கொம்பு வைத்த ஒரு மிருக முகம். கறுப்பு வெள்ளைதான். இன்றைக்கு இவர்களுடைய ஒரு பாட்டுகூடக் கேட்காத பிள்ளைகள் அந்த முகத்தை டீ-ஷர்ட்டில் போட்டுக்கொண்டு போகிறார்கள். நம் ஊர் ரயில் நிலையங்களிலேயே பார்த்திருக்கிறேன்.

ஆல்பம் 1977-இல் பிரிட்டிஷ் பட்டியலில் 43-ஆம் இடம் பிடித்தது. பெரிய இடம் இல்லை. ஆனால் கலையப்போன குழு கலையவில்லை. அது பங்க் கொடிகட்டிப் பறந்த வருடம், நீளமுடிக்காரர்களை அந்தக் கூட்டம் துரத்திக்கொண்டிருந்த நேரம். இவர்களை மட்டும் ஏற்றுக்கொண்டது. வேகம் ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். பாசாங்கு இல்லாததும் காரணம். 1981-இல் மேடைப் பதிவான 'நோ ஸ்லீப் டில் ஹாமர்ஸ்மித்' பிரிட்டனில் முதலிடத்துக்கே போனது. ஹோட்டல் பால்கனியில் எழுதிய அந்த 'மோட்டர்ஹெட்' பாட்டும் அதே வருடம் மேடைப் பதிவாகச் சிங்கிளாக வந்து ஆறாம் இடம் பிடித்தது. லார்ஸ் உல்ரிச் என்ற பையன் அந்தக் காலத்தில் இவர்கள் பின்னாலேயே ஊர் ஊராகச் சுற்றினான். அவன் ஆரம்பித்த குழு மெட்டாலிகா.

நண்பருக்கு நேற்று முழு ஆல்பத்தையும் அனுப்பிவைத்தேன். 33 நிமிடம்தான். காரில் கேட்காதீர்கள், ஹெட்போனில் கேளுங்கள், முதல் சில நொடிகளை இரண்டு முறை கேளுங்கள் என்று எழுதியிருந்தேன். ராத்திரி பதில் வந்தது: "அந்த ஆரம்பம் கிட்டார்தானே?"

அந்த மூன்று பேரும் இப்போது இல்லை. ஃபில் டெய்லர் 2015 நவம்பரில் போனார். லெம்மி அதே வருடம் டிசம்பர் 28 அன்று, எழுபது முடிந்து நாலே நாளில். எடி கிளார்க் 2018 ஜனவரியில். மார்க்கீயில் விடைபெறும் கச்சேரி என்று பேசி மேடையேறிய பிறகு, லெம்மி இந்தப் பெயரில் இன்னும் முப்பத்தெட்டு வருடம் வாசித்தார். கடைசியாக மேடையேறியது 2015 டிசம்பர் 11, பெர்லின். அன்றைக்கு யாரும் அதைக் கடைசிக் கச்சேரி என்று சொல்லவில்லை.